மணி இட்ட ஒன்பது முட்டைகள்

காக்கடீல் பறவையின் இறகிலிருந்து எந்நேரமும் ஒரு வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். முகத்துக்குப் போடும் பவுடரைவிட மெல்லியது. விரலில் பட்டால் வழுக்கும். எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடத்தின் மூடியிலும், என் கணக்குப் புத்தகத்தின் அட்டையிலும், சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்துக் கண்ணாடியிலும் அது படிந்தது. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் அம்மாவின் முகத்தைப் பாவாடை நுனியால் துடைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மறுபடியும் மங்கியிருக்கும். அந்தப் பறவைகளை வெறுக்க எனக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. அவற்றைக் கொண்டுவந்தவளை வெறுக்க அதுகூடத் தேவைப்படவில்லை.

உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் எங்கள் வீடு. நைனா பல்லாவரம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டினார்; சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அம்மா காய்ச்சலில் இறந்து ஒன்றரை வருடம் ஆனபோது, தான் தண்ணீர் ஊற்றும் அடுக்குமாடி ஒன்றில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த கலாவைக் கல்யாணம் செய்து அழைத்துவந்தார். அதுவரை பெருநகரில் அத்தை வீட்டில் கிடந்த என்னையும் அன்றே கூட்டிவந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. "சித்தின்னு கூப்புடு" என்றார். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவளைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் கதவைத் தட்டினேன், பாத்திரத்தை உருட்டினேன். தலை வாரிவிட வந்தால் குனிந்து நழுவி, கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனேன். இங்கேயும் கலா என்றே எழுதுகிறேன்.

அவளோடு வந்தவை ஒரு துணிப்பையும் ஒரு பெரிய கூண்டும். அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது, கொண்டுபோக முடியாத இரண்டு காக்கடீல்களை அவளிடம் கொடுத்துவிட்டார்களாம். கிளியைவிடச் சின்னது, மைனாவைவிட நீளம். தலையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கொண்டை, கன்னத்தில் குங்குமம் அப்பியதுபோல் ஆரஞ்சுப் பொட்டு. சாம்பல் நிறத்தது ராஜா. வெளுத்த மஞ்சளாய் இருந்தது மணி. இரண்டும் ஆண் என்று சொல்லிக் கொடுத்ததால் இந்தப் பெயர்கள். காலனிப் பெண்கள் வந்து பார்த்து, "பட்டணத்துக் கிளி" என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். ராஜா சீட்டியடிக்கும்; கலா திருப்பிச் சீட்டியடிப்பாள். அம்மா சமைத்த அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருத்தி சீட்டியடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவுடையது என்று அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதில் ஆறு புடவைகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் திறந்து, மேலே இருந்த பச்சைப் புடவையில் முகத்தை வைத்துக்கொள்வேன். கலா நூறு நாள் வேலைக்குப் போய்வரும் வரைக்கும் வீடு என்னுடையது. ஒருநாள் அவள் சீக்கிரம் வரும் சத்தம் கேட்டு, பெட்டியைச் சரியாக மூடாமல் எழுந்து ஓடிவிட்டேன். கலாவுக்கு வந்ததும் கூண்டைத் திறந்து பறவைகளை வீட்டுக்குள் உலவவிடும் வழக்கம்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறக்கப் போனபோது உள்ளேயிருந்து பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். மணி புடவைக்கு நடுவில் பள்ளம் பறித்து உட்கார்ந்திருந்தது. ஜரிகையைக் கடித்துத் துணுக்குத் துணுக்காகப் போட்டிருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில், நாவற்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாய், வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை.

என் சத்தம் கேட்டுக் கலா ஓடிவந்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

"இன்னாடா மணி இது. ஆம்பளன்னு சொல்லித்தானடா ஒன்ன குடுத்தாங்க."

கிழிந்த புடவையை அவள் பார்க்காமலேயே இருந்திருக்கலாம். பார்த்துத்தான் சிரித்தாள் என்று அன்று நினைத்தேன். எது உண்மை என்று இன்றும் எனக்குத் தெரியாது.

செங்கல்பட்டில் பறவை விற்கும் ஒருவரின் எண் அவளிடம் இருந்தது. கை இரண்டிலும் மணியை வைத்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். வாலுக்கு அடியில் கோடு கோடாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருந்தது. அப்படியென்றால் பெண் என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து முட்டை வைக்கும். ஓர் அட்டைப் பெட்டியில் மரத்தூள் போட்டு முட்டையை அதற்கு மாற்றுங்கள். அவித்த கோழிமுட்டையும் முருங்கைக்கீரையும் கொடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கிடைக்கும், அதைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்குக் கொத்தித் தின்னும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"முட்டைய மட்டும் எடுக்காதீங்கமா. எடுத்தா கொறயுதுன்னு மறுபடி மறுபடி வுட்டுக்கினே இருக்கும். ஒடம்புல கீற சத்தெல்லாம் ஓட்டுக்கே பூடும். அப்புறம் தாங்காது."

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரிந்தே செய்தேன்.

மறுநாள் சாயங்காலம், ராஜா கொண்டையை விறைத்து என் கையைக் கொத்தக் கொத்த, கூண்டுக்குள் அட்டைப் பெட்டிக்கு மாற்றியிருந்த அந்த முட்டையை எடுத்துக்கொண்டு போய் ஏரிக் கால்வாயில் எறிந்தேன். அடுத்ததை மிதித்தேன். மூன்றாவதைக் கையிலேயே நசுக்கினேன். அதில் இருந்த வெதுவெதுப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் மற்றவற்றைக் கால்வாயிலேயே போட்டேன். முட்டை எடுத்த நாளெல்லாம் எனக்கு நன்றாகப் பசித்தது.

கலா எலி என்று நினைத்தாள். சனிக்கிழமை வந்த நைனா எலிப்பொறி வாங்கிவந்து வைத்தார். அதில் ஒன்றும் விழவில்லை. கூண்டின் அடியில் தகரம் அடித்தாள். ராஜாவே தின்றுவிடுகிறதோ என்று சந்தேகப்பட்டு அதைத் திட்டினாள். அவள் குழம்பித் திரிவதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. செங்கல்பட்டுக் கடைக்காரர் சொன்னபடியே மணி செய்தது: ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு வந்தது. சத்தம் போடுவதை நிறுத்தியது. எனக்கு அது தெரிந்தும் கை நிற்கவில்லை.

ஒன்பதாவதை எடுத்த மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விடுமுறை. காலையில் மணி கம்பியில் இல்லை. கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு, காலை அகட்டி உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு ஒரு தடவை வால் மேலும் கீழும் ஆடியது. முக்கியது. ஒன்றும் வரவில்லை. கலா போனில் கேட்டாள். முட்டை உள்ளே மாட்டிக்கொண்டது, சூடு குறையாமல் வைத்து உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்றார் கடைக்காரர். வெந்நீரில் பிழிந்த துண்டைச் சுற்றி, மணியை ஒரு செருப்புப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீயும் வா ஜெயா. பஸ்ல ஆடாம புடிக்க ஒரு ஆள் வேணும்."

உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் பெட்டி என் மடியில் இருந்தது. கலா ஒரு பாட்டிலில் வெந்நீரை ஊற்றித் துணி சுற்றிப் பெட்டிக்குள் செருகியிருந்தாள். அட்டை வழியாக மணியின் மூச்சு என் தொடையில் துடித்தது. செத்துப்போனால் நல்லது, யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று ஒருமுறை நினைத்தேன். அடுத்த வேகத்தடையில் பெட்டி குலுங்கியபோது இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான்.

கால்நடை மருத்துவமனையில் மாடுகளும் ஆடுகளுமாக நின்றன. டாக்டரம்மா பெட்டியைத் திறந்து பார்த்ததும் மாட்டுக்காரர்களைக் காத்திருக்கச் சொன்னார். "கோழிக்குத்தான் பாத்துப் பழக்கம். பாக்கறேன்" என்றார். மஞ்சள் பல்பின் கீழ் வைத்துச் சூடு காட்டினார், சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டார், பின்புறம் எண்ணெய் தடவினார். தடவிக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எத்தன முட்ட வச்சிது?"

"நாலஞ்சி இருக்கும்மா" என்றாள் கலா. "எலி தூக்கிக்கினு பூடுது. கண்ணுலயே காட்ட மாட்டேங்குது."

"எலின்னா ஓடாவது கெடக்குமே. சரியா எத்தனன்னு தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்க முடியும்."

"ஒம்பது" என்றேன்.

வெளியே ஒரு கன்று கத்தியது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார், பிறகு மருந்துச் சீட்டில் எதையோ எழுதினார். கலா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கழுத்து நரம்பு மட்டும் எழும்பி நின்றது.

ஒரு மணி நேரம் கழித்து முட்டை வந்தது. ஓடே இல்லாமல், மெல்லிய தோல் மூடிய ஒரு துளி. ஓடு செய்ய உடம்பில் எதுவும் மிச்சமில்லை, எலும்பிலிருந்துதான் இதுவரை எடுத்துக் கொடுத்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். மணி பிழைத்தது. ஆனால் இடது கால் விரல்கள் அதற்குப் பிறகு கம்பியைப் பற்றவே இல்லை. கடைசி வரை ஒரு தட்டைப் பலகையில்தான் உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் கலா ஒரு பூட்டையும் சாவியையும் என் முன்னால் வைத்தாள்.

"உங்க அம்மா பொட்டி. பூட்டிக்கோ. நானும் தொட மாட்டேன், என் பறவையும் தொடாது."

"நைனா கிட்ட சொல்லப் போறியா?" அதுதான் நான் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"சொன்னா அடிப்பாரு. அடி வாங்குனா ரெண்டு நாள்ல சரியாப் போச்சின்னு நெனச்சிக்குவ. சொல்ல மாட்டேன். நீ மறக்கக் கூடாது."

இதைக் கருணை என்று யாரும் படிக்க வேண்டாம். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பதினைந்து நாள் மருந்து ஊற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையை எனக்குத்தான் கொடுத்தாள். துண்டில் சுற்றி, நெஞ்சை அழுத்தாமல், கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றக் கற்றுக்கொண்டேன். மணி ஒவ்வொரு நாளும் என்னைக் கண்டதும் சீறியது. முட்டை நிற்க வேண்டுமென்றால் இருட்டு மூலை, காகிதம், பெட்டி எதுவும் அதன் கண்ணில் படக்கூடாது, பகல் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்; அதனால் ஆறு மணிக்கெல்லாம் கூண்டின்மேல் போர்வையைப் போடுவதும் என் வேலை. "கீரய போடு", "தண்ணிய மாத்து", "போர்வைய இழு" என்ற மூன்றுக்கு மேல் அவள் என்னிடம் பேசிய நாட்கள் குறைவு. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

எவ்வளவு பார்த்துக்கொண்டும் அடுத்த வருடம் மணி மறுபடி முட்டையிட்டது. நான்கு. இந்தத் தடவை யாரும் தொடவில்லை. பகலில் ராஜாவும் மற்ற நேரத்தில் மணியும் மாறி மாறி அடைகாத்தன. இருபது நாள் போனது, இருபத்தைந்து போனது. எதுவும் பொரிக்கவில்லை. அவற்றுக்கே சலித்து எழுந்துபோகும் வரைக்கும் எடுக்கக் கூடாது என்று கலா காத்திருந்தாள். மணி பெட்டியை விட்டு இறங்கித் திரும்பிப் பார்க்காமல் தன் பலகைக்கு நொண்டிப் போன அன்று, கலா என்னைக் கூப்பிட்டாள்.

"நீயே எடு. ஒனக்குத்தான் பழக்கம்."

எடுத்தேன். நான்கும் சில்லென்று இருந்தன. முருங்கை மரத்தடியில் பள்ளம் தோண்டிப் புதைத்தேன். அவள் வாசலில் நின்று முடியும் வரை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மணி அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தது. அது போன சில மாதங்களில் ராஜாவும் போனது. கூண்டு பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது அரசாங்கத்தின் கான்கிரீட் வீடு. நைனாவுக்குக் கண் மங்கிவிட்டதால் லாரி ஓட்டுவதில்லை. நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன், விடுதியில் தங்கியிருக்கிறேன். உத்திரமேரூர் பஜாரிலேயே இப்போது காக்கடீல் விற்கிறார்கள். பட்டணத்துக் கிளி என்று யாரும் சொல்வதில்லை.

போன பொங்கலுக்குப் போனபோது, நைனா வெளியே போயிருந்த நேரத்தில், பதின்மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். கலா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான் பண்ணது தப்பு" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"தெரியும். அத இப்ப நீ சொல்லி இன்னா ஆவப் போவுது. கேக்க வேண்டியது செத்துப்போச்சி."

அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்ததாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாள் வரை இருக்கலாம் என்று எடுத்துவந்த துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு, அன்று மதியமே பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் மறையும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் வாசலுக்கு வந்திருக்க மாட்டாள்.