சீனியம்மாள் கையெழுத்துப் போடாத லிஃப்ட்

மகளைக் கட்டிக்கொடுக்கும் வரை சீனியம்மாளுக்கும் சுருளிக்கும் பேச்சில் ஒரு குறையும் இல்லை. திருப்பரங்குன்றம் சாலையில் வெள்ளைத்துரை நடத்திய எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் சுருளி சர்க்யூட் வரைவான். சீனியம்மாள் அதைச் சோதித்துப் பிழை பிடிப்பாள். "ஏப்பா சுருளி, படிச்சுட்டுத்தான் வந்தியா?" என்று பட்டறையே கேட்கத் திட்டுவாள். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு திருத்துவான். நன்றாக இருந்த பிழைப்பைக் கெடுத்துக்கொண்டவள் அவளேதான். பையன் தங்கமானவன் என்று சொல்லி, 1985 ஆவணியில் மகள் ரெங்கம்மாளை அவனுக்கே கொடுத்தாள்.

சீனியம்மாளுக்குச் சொந்த ஊர் எழுமலை. அந்தப் பக்கத்து மாமியார் மருமகன் முகத்துக்கு நேரே நின்று பேசமாட்டாள். குறை சொல்வதை நினைத்தே பார்க்கக்கூடாது. ஆகவே கல்யாணத்துக்கு மறுவாரத்திலிருந்து பிழைகளெல்லாம் முதலாளி வழியாகப் போயின. மூன்று பேர் மேசையும் ஒரே அறையில்தான்.

"அண்ணே, ஒம்பதாவது கம்பி சரியாப் படலேன்னு சொல்லுங்க" என்பாள்.

"சுருளி, ஒன் அத்தை ஒம்பதாவது கம்பின்றாக" என்பார் வெள்ளைத்துரை.

அதையும் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வாள். தலை தீபாவளிக்கு எடுத்த வேட்டியில் கரை சின்னது என்று மாப்பிள்ளை முறுக்கில் ஒரு வாரம் மகளிடம் பேசாதவன் அவன். இப்போது ரெங்கம்மாளுக்கு ஏழு மாதம். அடுத்த வாரம் வளைகாப்பு.

அந்தச் சமயம் பார்த்து லிஃப்ட் சோதனைக்கு வந்தது. பெங்களூர்க் கம்பெனி ஒன்று தன் லிஃப்டுகளை ஓட்ட ஒரு சிப் கேட்டிருந்தது. சுருளி ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தான். சிப்பைச் செய்துவிட்டால் பிறகு திருத்த முடியாது. அதனால் அதே சர்க்யூட்டை முதலில் பெரிய பலகையில் கம்பியும் சுவிட்சுமாகக் கட்டிச் சோதிப்பார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று சுருளியே நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தான். நாற்பது பக்கத்துக்கும் விளக்குகள் பிசகாமல் எரிந்தன. சீனியம்மாள் கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை சர்க்யூட் படம் பெங்களூர் போய்விடும்.

அவளுக்குக் கை வரவில்லை. அவன் வரைந்ததைப் பார்த்து அவனே எழுதிய விடை. பொருந்தாமல் என்ன செய்யும்? லிஃப்டில் ஏறுகிறவர் ஒரு பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையைக் கட்டி நிற்பார் என்று நினைத்திருக்கிறான். முப்பது பேரோடு கல்யாணப் பட்டெடுக்கப் போனவள் சீனியம்மாள். அந்தக் கூட்டத்தை மனசுக்குள் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தாள். ஒருத்தி கதவைத் திறக்கும் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டு பெரியப்பாவைக் கூப்பிடுவாள். பிள்ளைகள் மற்ற எல்லாப் பொத்தானையும் அமுக்கும். மேல் மாடியில் ஒருவர் பொறுமையில்லாமல் குத்திக்கொண்டிருப்பார். அதேபோலப் பலகையில் இரண்டு கையாலும் ஒரு முழங்கையாலும் சுவிட்சுகளைச் சேர்த்து அமுக்கினாள். 'கதவு திறந்திருக்கிறது' விளக்கும் 'மேலே போகிறது' விளக்கும் ஒன்றாக எரிந்தன.

சொன்னால் முறுக்கிக்கொள்வான். வளைகாப்புக்கு வராமல் போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

"அண்ணே, கதவு கொஞ்சம் யோசிக்கிதுன்னு சொல்லுங்க."

"சுருளி, கதவு யோசிக்கிதாம்."

"யோசிக்கட்டும்ணே" என்றான் சுருளி, தலை நிமிராமல்.

சீனியம்மாள் எழுந்தாள். நேராக அவன் மேசை முன்னால் போய் நின்றாள்.

"மாப்ள, ஒரு பிள்ளத்தாச்சி கால் எடுத்து வைக்கயில ஒங்க லிஃப்டு கதவத் தெறந்துக்கிட்டே மேல போகுது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெள்ளைத்துரை பழக்கதோஷத்தில் "சுருளி, ஒன் அத்தை..." என்று ஆரம்பித்துவிட்டார். சுருளி வந்து தானே அமுக்கிப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவன் அன்று திரும்பவில்லை. படம் அனுப்பாமலே சனிக்கிழமையும் போனது.

எழுமலையில் வளைகாப்பன்று சுருளியைக் காணவில்லை. ஆளாளுக்கு விசாரிக்க, சீனியம்மாள் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிச் சமாளித்தாள். மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கியவன் மனைவியைக்கூடப் பார்க்காமல் மாமியாரிடம் ஒரு காகிதக்கட்டை நீட்டினான். எல்லாப் பக்கமும் எதுவும் எழுதாமல் கோடு மட்டும் போட்ட கட்டங்கள்.

"படத்த மாத்திட்டேன் அத்தை. அத ஒங்களுக்குக் காட்ட மாட்டேன். லிஃப்டு என்ன செய்யணும்னு நீங்களே எழுதுங்க. நீங்க எழுதுறத நானும் பாக்க மாட்டேன். ரெண்டும் ஒத்து வருதான்னு பலகையில பாப்போம்."

கூடியிருந்த சனம் சண்டை என்றே நினைத்து வளையல் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தது. சீனியம்மாளுக்கு மட்டும் மனசு குளிர்ந்துவிட்டது. சந்தனம் அப்பிய கையோடு பேனா கேட்டாள்.