துருசுக்குக் கீழே ஆறடி

பாலைவன நாடொன்றில் முப்பது ஆண்டுகள் எரிவாயுக் குழாய்களோடு வேலை செய்தேன். பேரழுத்தத்தில் வரும் வாயுவை நகருக்குள் அப்படியே விடமுடியாது. வால்வு ஒன்றில் நெரித்து அழுத்தத்தைக் குறைப்பார்கள். அந்த இடத்தில் குழாய் ஓயாமல் அலறும். அந்த அலறல் முழுவதும் வீணாகும் சக்தி. வால்வுக்குப் பதிலாகச் சுழலியைப் பொருத்தி அதை மின்சாரமாக்குவது என் தொழில். வாயு விரிந்து குளிர்வதால், கொதிக்கும் வெயிலிலும் சுழலியைக் கடந்த குழாயின்மேல் உறைபனி படிந்திருக்கும்.

விடுமுறையில் வந்து இதை விவரித்தபோது என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“வீணாப் போறதையெல்லாம் பிடிக்கிறியள். இஞ்ச ஒரு ஆள் வீணாப் போறதுதான் கண்ணிலை படேல்லை” என்றார். சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்று, நெடுங்கேணிக்கு அப்பாலுள்ள எங்கள் வயற்காணிக்குத் திரும்பியபோது அவருடைய நுரையீரல் பழுதடையத் தொடங்கியிருந்தது. படித்தவன் என்பதால், குளத்துநீரில் பயிர்செய்யும் கமக்காரர் அமைப்பின் தலைமை என்னிடம் வந்தது. விதிகளை நானே எழுதினேன். அறுவடைக்கு முந்திய கடைசித் தண்ணீருக்குப் பின், குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் துருசை எவருக்காகவும் திறக்கலாகாது. முதற் போகத்திலேயே, பிந்தி விதைத்த ஒருவர் இரண்டு நாள் தண்ணீர் கேட்டு வந்தார்.

“ஆளைப் பாத்துத் திறக்கிறேல்லை” என்றேன்.

அவருடைய நெல் கதிர் வெளிவருமுன், குடலைப் பருவத்திலேயே கருகியது. மறுஆண்டு கூட்டத்தில், துருசுப் பூட்டின் திறப்பை அவரிடமே ஒப்படைத்தார்கள்.

மின்வெட்டு நீண்ட ஆண்டில் மனைவி ஒட்சிசன் இயந்திரத்தோடு வீட்டிலிருந்தார். பெற்றோல் இல்லை, கடைகளில் பற்றரியும் இல்லை. துருசுக்குக் கீழே வாய்க்கால் ஆறடி விழும் இடத்தில் ஒரு சுழலியைப் பொருத்தி, வீடுவரை கம்பி இழுத்தேன். சிறுபோகப் பயிருக்குத் தண்ணீர் ஓடிய நாளெல்லாம் இயந்திரம் நிற்கவில்லை. நீரின் அளவு, வீழ்ச்சி, கம்பியில் ஏற்படும் இழப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தேன். நான் எழுதிய விதியைக் கணக்கில் எடுக்கவில்லை. என் குழாய்களில் வாயு ஒருநாளும் நின்றதில்லை.

கடைசித் தண்ணீர் முடிந்து துருசு பூட்டப்பட்டதும், திறப்பு வைத்திருந்த அவரிடம் போனேன். வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

“மின்வெட்டு நேரத்துக்கு மட்டும், துருசை ஒரு சாண் உயர்த்தினால் காணும்” என்றேன்.

“வயல் ஈரமெண்டால் நெல்லு வெட்டுற மெசின் இறங்காது, ஐயா. அதோடை, ஆளைப் பாத்துத் திறக்கிறேல்லையெல்லே.” திரும்பிப் போக நான் காலெடுத்தபோது சொன்னார்: “காத்தைப் பிடிச்சுக் கறண்ட் எடுத்த மனிசன் நீங்கள். உங்கட வீட்டிலை காத்துக்கோ பஞ்சம்?”

மூன்றாம் நாள், பிற்பகல் மின்வெட்டில் மனைவி இறந்தார். இயந்திரம் நின்ற பின்னும் குழாயை மூக்கிலிருந்து எடுக்க அவர் விடவில்லை.

செத்தவீட்டுப் பந்தலுக்குக் கதிரைகள் கொண்டுவந்து இறக்கியவர்களில் திறப்புக்காரரும் ஒருவர். அடுத்த விதைப்பான காலபோகத்துக்குத் துருசு திறந்த மறுநாள் மீண்டும் வந்தார்.

“அவாவும் இல்லை. இனி உங்களுக்கு அந்தக் கறண்ட் தேவைப்படாதுதானே, ஐயா. எங்கட குசினிக்கு ஒரு பல்ப் எரியுமெண்டால்...”

“எரியும்” என்றேன்.

அவர் போனதும் வாய்க்காலுக்குள் இறங்கிச் சுழலியைக் கழற்றிக் கரையில் போட்டேன். இப்போது தண்ணீர் ஆறடி சும்மா விழுகிறது. நான் வாழ்நாளெல்லாம் அடக்கிய அதே இரைச்சல் வீடுவரை கேட்கிறது. அது எனக்கு இடைஞ்சலாக இல்லை.