நான் ஊதிய அடுப்பு

என் கணவர் வாவியில் வீச்சுவலை போடுகிறவர். வலையின் ஓரத்தில் கோக்கிற ஈயக்குண்டுகளை நாங்கள் கடையில் வாங்குவதில்லை. பழைய கார் பற்றரிகளை உடைத்து, உள்ளேயிருக்கும் ஈயத்தை வீட்டிலேயே உருக்கி வார்ப்போம். சிரட்டை போட்டு அடுப்பை ஊதுவது என் வேலை. மகள் வயிற்றில் இருந்த மாதங்களிலும் நான்தான் ஊதினேன். அதுவும் குசினிக்குள், வாவிக்காற்று நெருப்பை அணைத்துவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு. என் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல! ஈயம் தகதகவென்று இளகுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை எனக்கு.

மகளுக்கு இப்போது ஆறு வயது. பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. ஓட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். அவளுக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அந்த ஈயக்குண்டுகள்தான். ஒரு பால்மா டின் நிறைய வைத்திருந்தாள். சுவரோரம் வரிசையாக அடுக்குவாள், கலைப்பாள், திரும்பவும் அடுக்குவாள். இடைக்கிடை ஒன்றை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பிள்ளை சத்தம் போடாமல் இருக்கிறாளே என்று நானும் என் பாட்டுக்குச் சோறு கறி ஆக்கினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாதம் போனில் ஒரு செய்தி பார்த்தேன். காற்றில் கலக்கும் உலோகங்களுக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு உண்டா என்று எங்கோ ஆராய்கிறார்களாம். எங்கள் நாவற்குடாவில் ஏது தொழிற்சாலை என்று தள்ளிவிடப் போனேன். அடுத்த வரியில் ஈயம் என்று இருந்தது.

கிளினிக்கில் டொக்டரம்மாவிடம் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன்.

“அதாலதான் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாம்மா. இல்லையெண்டும் சொல்ல ஏலா. ஆனா ஈயம் நஞ்சு. ரத்தம் சோதிச்சுப் பாப்பம். வீட்டில இருக்கிறத இண்டைக்கே வெளியேத்துங்க.”

ஆம் என்று சொல்லியிருந்தாலாவது என்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். அதுவும் இல்லை.

கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்பாட காலத்திலயிருந்து உருக்கிறம். எனக்கென்ன குறை வந்த? சும்மா விசர்க்கதை கதைக்காத கா.”

“உங்களச் சொன்னனா? ஊதினவள் நான்!” என்று கத்தினேன்.

விடிந்ததும் அவர் வலையையும் டின்னையும் தூக்கிக்கொண்டுபோய்த் துறையில் வலை வைக்கிற வாடியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து பிள்ளை தலையைச் சுவரில் மோதத் தொடங்கினாள். சரியாகச் சாப்பிடவும் இல்லை. கூழாங்கல் கொடுத்தோம், பாசிமணி கொடுத்தோம். கையில் வைத்துப் பார்த்துவிட்டு எறிந்தாள். ஈயத்தின் பாரம் அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள் பின்னேரம் குசினியில் குந்தியிருந்தேன். அவளாகவே வந்து என் விரலைப் பிடித்தாள். ஐயோ கடவுளே, இதற்காகத்தானே சித்தாண்டி முருகனுக்கு எத்தனை நேர்த்தி வைத்தேன்! எழுந்து அவள் பின்னால் போனேன். சுவர்த்தட்டில், டின் இருந்த இடத்தில் வட்டமாய் ஒரு கறை. என் கையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை.

நான் இல்லையென்று தலையாட்டினேன். என் கையை விட்டுவிட்டாள். இன்றுவரை திரும்பப் பிடிக்கவில்லை.