கனகாம்பிகை கார் ஓடிய சனிக்கிழமைகள்

லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பியர் காய்ச்சுகிற புறூவரிகளில் எது நல்லது என்று தோர்ண்டன் ஹீத்தில் யாரையும் கேட்பதானால், ஆண்களிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. அவர்களுக்கு உள்ளே போனது நினைவிருக்கும், வெளியே வந்தது நினைவிருக்காது. கனகாம்பிகையிடம்தான் கேட்கவேண்டும். அவள் ஒரு சொட்டுப் பியரையும் வாயில் வைத்தவளல்ல. ஆனால் பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையும் கணவர் கணேசலிங்கத்தையும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய், பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்தவள் அவள்.

பெர்மண்ட்சியில் ரயில் பாலத்து வளைவுகளுக்குள் வரிசையாக இருக்கிற இடங்கள் அவளுக்குப் பிடிக்காது. பியர் எப்படியோ தெரியாது, கார் விட இடமில்லை. வோல்த்தம்ஸ்ரோவில் தொழிற்பேட்டைக்குள் இருக்கிற இடத்தில் கழிவறை துப்புரவு. கென்டில் ஒரு புறூவரிக்குப் போகிற வழியில் தோட்டமெல்லாம் பியருக்கு வாசம் சேர்க்கிற கொடி ஏறி நிற்கும், செப்டெம்பரில் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓடவேண்டும். எல்லாவற்றையும்விட அவளுக்கு உயிர், டோர்க்கிங் பக்கம் ஒரு பண்ணையின் பழைய கொட்டிலில் நடக்கிற புறூவரி. படலையடியில் இறங்கும்போதே கஞ்சி காய்ச்சுகிற மாதிரி ஒரு மணம் வரும். சாப்பாட்டை நாங்களே கொண்டு போகலாம். ஆட்டிறைச்சி றோல்ஸ் முப்பது பொரித்துக் கொண்டு போவாள். அதில் நாலு, கவுண்டரில் நிற்கிற ஹேசல் என்ற வெள்ளைக்காரிக்கு என்று எழுதாத சட்டம்.

இந்தப் பயணங்கள் தொடங்கிய கதை கொஞ்சம் வெட்கமான கதை. கனகாம்பிகை நாற்பத்தேழு வயதில், மூன்று தரம் தவறி நாலாம் தரத்தில்தான் ட்றைவிங் ரெஸ்ட் பாஸ் பண்ணினாள். பாஸ் பண்ணி மூன்றாம் கிழமை நோர்பரியில் நின்ற வான் ஒன்றை உரசிவிட்டாள். வானுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கணவருடைய தமையன் அருட்பிரகாசம் ஒரு பிறந்தநாள் வீட்டில் அத்தனை சனத்துக்கு முன்னால், “இனி லண்டனிலை றோட்டுக் கடக்கப் பயம்தான்” என்று சொல்லிச் சிரித்தார். சனமும் சிரித்தது. அன்றோடு லைசென்ஸை மேசை லாச்சிக்குள் போட்டவள், அடுத்த ஒரு வருடம் அதை எடுக்கவில்லை. எங்கே போனாலும் இடது பக்கம் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருப்பாள்.

பிறகு ஒருநாள் கூட்டாளி நித்தியானந்தனின் ஐம்பதாவது பிறந்தநாளென்று அந்தப் பண்ணைப் புறூவரிக்குப் போனார்கள். போகும்போது கணேசலிங்கம் ஓடினார். திரும்புகிற நேரம் சாவியை அவள் கையில் வைத்தார்.

“இஞ்சரும், நான் ரண்டு போட்டிட்டன். நீர்தான் ஓடவேணும்.”

“எனக்கு ஏலாது. விசர்க்கதை கதையாதேங்கோ.”

“அப்ப பொலிஸ்காரனிட்டை நான் என்னத்தைச் சொல்லுறது?”

பின்னால் இரண்டு கூட்டாளிகள் பாட்டு. பக்கத்தில் கணவர் வெற்றிலை போட்டவர் மாதிரிக் கம்மென்று இருந்தார். நெடுஞ்சாலையில் நாற்பதில் ஊர்ந்து, லொறிக்காரனெல்லாம் ஹோர்ன் அடித்து, அவள் அழுதுகொண்டே ஓடி வந்து சேர்ந்தாள். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். ஆனால் அந்த இரவு அவள் நித்திரை கொள்ளாததற்குப் பயம் காரணமில்லை, சந்தோசம்.

அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்வாளா? “குடிகாரருக்கு ட்றைவர் வேலை பாக்கத்தான் நான் லண்டனுக்கு வந்தனான்” என்று மாதம் தவறாமல் முணுமுணுப்பாள். வெள்ளிக்கிழமையே காருக்குக் காற்றும் பார்த்து வைப்பாள். பொக்ஸ் ஹில் வளைவுகளில் கியரை மாற்றி மாற்றி ஏறுகிற சுகம், மழை விட்ட பிறகு றோட்டில் ஏறுகிற ஆவி, பின்சீற்றில் குறட்டை, பக்கத்தில் கணவர் ஏதாவது பழங்கதை சொல்லிக்கொண்டு வருவது. கணேசலிங்கம் எவ்வளவு குடித்தாலும் ஆடமாட்டார், நாக்குக் குழறாது. அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது. “எங்கடை அவர் குடிச்சால் குடிச்ச மாதிரியே தெரியாது” என்று கோயில் வீதியில் நின்று மற்றப் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள்.

போன நவம்பரில் கணேசலிங்கம் காலைத் தேத்தண்ணி குடிக்க இருந்த இடத்திலேயே போய்விட்டார். நெஞ்சடைப்பு.

எங்கள் ஆட்களிடம் எட்டுச் செலவு என்று ஒன்று உண்டு. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் எட்டாம் நாள் சமைத்துப் படத்துக்கு முன் படைப்பது. மீன், இறைச்சி எல்லாம் வைக்கலாம், குடிக்கிறவரென்றால் அவருடைய போத்தலும். அருட்பிரகாசம் தங்க நிறப் பெட்டியோடு ஒரு விஸ்கிப் போத்தலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். விலை கூடியதுதான், வந்த சனம் எல்லாம் பார்த்தது. ஆனால் கணேசலிங்கம் விஸ்கி மணத்தாலே முகத்தைச் சுழிக்கிற மனிதர். அவர் குடித்தது கறுப்பாய், நுரையோடு ஒரு பெரிய கிளாஸில் வருகிற சாமான். கனகாம்பிகை கதவோடு நின்று பார்த்தாள். புருசன் செத்த வீட்டில், ‘அதில்லை, அவருக்கு வேறை குடி’ என்று எந்தப் பெண்சாதிதான் வாய் திறப்பாள்? அவள் திறக்கவில்லை.

அந்த வாய் திறக்காதது பதினொரு மாதமாக அவளை அரித்தது. மனிதர் தாகத்தோடு போய்விட்டார் என்று நினைத்தாள். கூழ் குடித்தாலும் தேத்தண்ணி குடித்தாலும் அதே நினைப்பு. பரிகாசத்துக்குரிய விசயம் என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் தொண்டைக்குள் நின்றது. வருடம் திரும்பி வருகிற ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறபோது நித்தியானந்தனுக்குப் போன் எடுத்தாள்.

“நித்தி, அவர் குடிக்கிற அந்தக் கறுப்புப் பியருக்கு என்ன பேர்?”

“தெரியாதக்கா. எப்பவும் அண்ணைதானே கவுண்டருக்குப் போய் எல்லாருக்கும் எடுத்துக்கொண்டு வாறவர். எங்களை எழும்பவே விடமாட்டார். நான் வேணுமெண்டால் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்.”

“வேண்டாம். நானே போறன்.”

சொல்லிவிட்டாளே தவிர, செத்தவீட்டுக்குப் பிறகு அவள் காரில் கை வைக்கவில்லை. யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போக? பற்றறி செத்துவிடக் கூடாதென்று நித்தியானந்தன்தான் கிழமைக்கொருதரம் வந்து ஸ்ராட் பண்ணிவிட்டுப் போவான். சனிக்கிழமை பத்து மணிக்கு, றோல்ஸ் நாலை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு அவள் வெளிக்கிட்டாள். பேர்லி தாண்டும்வரை வேகம் முப்பதுக்கு மேலே போகவில்லை. றைகேற் மலையிறக்கத்தில் வழக்கம்போல, “இஞ்சருங்கோ, பெல்ற்றைப் போடுங்கோ” என்று வாயில் வந்துவிட்டது. பக்கத்து சீற்றைப் பார்க்காமல் ஓடினாள்.

ஹேசல் அவளைக் கண்டதும் கவுண்டரைச் சுற்றிவந்து கட்டிப்பிடித்தாள். சங்கதி அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. கனகாம்பிகை தன் இங்கிலீசில், கணவருடைய கறுப்புப் பியரில் ஒரு போத்தல் வேண்டும், படத்துக்கு முன் வைக்க என்று விளக்கினாள். ஹேசலின் முகம் ஒரு மாதிரிப் போனது. குளிர்பெட்டியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துவந்து கிளாஸில் ஊற்றினாள். கறுப்பாய், நுரை தள்ளி, அதேதான்.

ஆனால் இது பியரில்லை என்றாள் ஹேசல். காட்டுச்செடி வேர்களைக் காய்ச்சி இனிப்புப் போட்டு, தாய் தகப்பனோடு வருகிற சின்னப்பிள்ளைகளுக்காக அவர்கள் செய்கிற சோடா. முதல் வருடம் உன் புருசன் பியர்தான் குடித்தார், பிறகு இதயத்துக்குக் கூடாதென்று டொக்டர் மறித்துவிட்டார், உனக்குக்கூடச் சொல்லவில்லையாம், அதன்பிறகு இதுதான், பெரிய கிளாஸில் நுரையோடு ஊற்றச் சொல்வார், மற்ற இடங்களிலும் கோக் சோடாவோ வேறு எதுவோ வாங்கி இப்படித்தான் சமாளிக்கிறதாகச் சொன்னார் என்றாள்.

கனகாம்பிகைக்கு விளங்கவில்லை. குடிக்காத மனிதர் ஏன் மாதாமாதம் குடிக்கிற இடம் தேடினார்?

ஹேசல் கிளாஸைத் தள்ளி வைத்தாள். நானும் ஒருதரம் கேட்டேன், அவர் அந்த ஜன்னலைக் காட்டினார் என்றாள். வெளியே நீ காரைத் திருப்பிக்கொண்டிருந்தாய். இடம் ஒடுக்கம், முன்னும் பின்னுமாக எடுத்து, கடைசியில் ஒரே வெட்டில் திருப்பிவிட்டுத் தனியே சிரித்தாய். அப்போது உன் புருசன், ‘நான் குடிக்கவில்லையென்று தெரிந்தால் சாவியை என்னிடம் தந்துவிடுவாள், பிறகு அந்தப் பக்கம் ஏறிக் கைப்பையோடு இருப்பாள், அவளைப் பார்’ என்று சொன்னார்.

கனகாம்பிகைக்கு முதலில் வந்தது கோபம். பதினொரு வருடம்! குடிகாரன் குடிகாரன் என்று எத்தனை தரம் ஏசியிருப்பாள், தமையனுக்கு முன்னால்கூட ஏசியிருக்கிறாள், ஒருநாளாவது வாய் திறந்தாரா அந்த மனிதர்? பிறகு சின்னப்பிள்ளைகள் ஓடித்திரிந்த அந்தக் கொட்டிலில், பீப்பாயோடு சாய்ந்து, சத்தம் வைத்து அழுதாள். ஹேசல் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

திவசத்தன்று ஐயர் கிரியை முடித்துப் போன பிறகு, படத்துக்கு முன் இலை போட்டு மரக்கறிச் சாப்பாடு படைத்தார்கள். கனகாம்பிகை ஹேசல் தந்துவிட்ட சோடாவை ஒரு பெரிய கிளாஸில் ஊற்றி, குசினியிலிருந்து கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நுரை விளிம்புவரை நின்றது. வீடு நிறைந்த சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

“பிள்ளை, உமக்கென்ன விசரோ?” அருட்பிரகாசம் எழும்பி வந்துவிட்டார். “ஐயர் வந்துபோன வீடு. ஆட்டைத் திவசத்திலை பியரோ வைக்கிறது?”

நித்தியானந்தன் கிளாஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கண்ணைத் துடைத்தான். இது சின்னப்பிள்ளைகள் குடிக்கிற சோடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் இருந்துவிடுவார்கள். அந்த வார்த்தை அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது. அவர் அத்தனை வருடம் கட்டிக்காத்ததை இத்தனை பேருக்கு முன்னால் அவிழ்த்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

“ஓம் பெரியத்தான், பியர்தான்” என்றாள். “அவர் குடிச்சபடியாத்தான் நான் கார் ஓடினனான்.”