வில்ஃப் ஹார்டேக்கரின் சிவப்புக் கதவு

சிவப்பு பெயின்ட் அடித்தவனெல்லாம் துரோகி என்றால், தெருமுனையில் நிற்கிற தபால்பெட்டியை முதலில் பிடித்து உள்ளே போட வேண்டும். இதை நெல்லி சக்டனிடம் நேருக்கு நேராகவே, மீன்கடை வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியாயிற்று. அவள் கேட்கிற ஆளா?

"டன்கிரேவ்காரனுங்க கலரைக் கொண்டாந்து கதவுல பூசினான். அந்த வாரமே அவனுங்களோட ஆட்டத்துல, ஆளே இல்லாம தொறந்து கெடந்த கோல்ல பந்தை அடிக்கத் தெரியல. அப்புறம் சொல்லாம கொள்ளாம ஊரை விட்டு ஓடிட்டான். போகும்போதும் அந்தப் பெயின்ட் டப்பாவைத் தூக்கிட்டுல்ல போனாங்க. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்கிறாள், பொட்டலத்து மீனில் வினிகரைக் குலுக்கிக்கொண்டே.

டன்கிரேவ் நம் ஊர் டீமின் பரம எதிரி, அவர்கள் சட்டை சிவப்பு. பார்த்ததெல்லாம் சரிதான். கதவு சிவப்பு, கோல் தவறியது, டப்பா போனது, எல்லாம் உண்மை. ஆனால் ஏன் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாதவள் வாயை மூடிக்கொண்டு மீனைத் தின்ன வேண்டும்.

வில்ஃப் இந்த ஸ்கெல்பிக்கு வந்தபோது மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்து ஊர்ப் பையன். உயரம், பெரிய காது, யார் பேசினாலும் தரையைப் பார்த்துப் பதில் சொல்வான். மைதானத்தில் இறக்கிவிட்டால் வேறு ஆள். மழையில் ஊறிக் கருங்கல்லாகக் கனக்கிற தோல்பந்து, அதைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளுவான். பந்தின் கயிற்றுத் தையல் நெற்றியில் பதிந்து, திங்கட்கிழமை வரை அழியாது. மூன்றாம் டிவிஷனிலேயே கடைசிக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்கெல்பி டவுன், அவன் வந்த பிறகுதான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவன் எட்னாவைக் கட்டிக்கொண்டதும் கிளப் அவனுக்கு வீடு கொடுத்தது. நம் தெருவில் வரிசையாக மூன்று வீடுகள் கிளப்புக்குச் சொந்தம். மூன்றுக்கும் பச்சைக் கதவு, டவுனின் சட்டை நிறம். பச்சைக் கதவுக்குப் பின்னால் இருப்பவன் ஊருக்குச் சொந்தம் என்று இங்கே எல்லாருக்கும் நினைப்பு. சனிக்கிழமை கோல் போட்டால் ஞாயிறு காலையில் படிக்கட்டில் யாராவது ஒரு முட்டைக்கோஸோ ருபார்ப் தண்டோ வைத்துவிட்டுப் போவார்கள். போடாவிட்டால் பால்காரன் கூடப் புட்டியை 'டங்'கென்று வைப்பான். எட்னா அந்தச் சத்தத்தை வைத்தே, கணவன் எழுந்து வருவதற்குள் முந்தின நாள் ஆட்டத்தைப் புரிந்துகொள்வாள்.

கடலோரத்துப் பெரிய ஊரின் முதல் டிவிஷன் டீம் ஒன்று அவனைக் கேட்டு வந்தது. இது அவனுக்கே தெரியாது. முடிவெட்டப் போன இடத்தில் கத்திரிக்காரர்தான் சொன்னார்.

"என்ன வில்ஃப், உன்னைக் கேட்டு ரயில்ல ஆள் வந்தாங்களாமே? கிராப்ட்ரீ டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டாராம்?"

பாதி வெட்டின தலையோடு எழுந்து போனான். கிராப்ட்ரீதான் கிளப்பின் தலைவர், சாயப்பட்டறையும் அவருடையது. அந்தப் பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறதோ அதே நிறத்தில்தான் நம் ஆறும் ஓடும்.

"உன்னை விக்கிறதா? எனக்கு மனசு வருமா பையா? நீ எங்க வீட்டுப் பிள்ளை" என்று தோளில் தட்டினார் கிராப்ட்ரீ.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார்."

"கேட்டா நீ போறேன்னு சொல்லியிருப்ப. அப்புறம் நான் முடியாதுன்னு சொல்லணும். உனக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம். அதான் கேக்கல."

அன்றைக்கு அவன் கையில் ஒரு பன்றித்தொடையைக் கொடுத்து அனுப்பினார். எட்னா அதை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"முதல் டிவிஷன் நல்லாத்தான் இருக்கு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. ஒப்பந்தம் முடிந்தாலும் "இவன் எங்களுக்கு வேண்டும்" என்று கிளப் சொல்லிவிட்டால் போதும். லீகில் வேறு எந்த டீமுக்கும் அவன் ஆட முடியாது. கூலி கொடுக்காமலே கூட நிறுத்தி வைக்கலாம். ஒவ்வொரு வசந்தத்திலும் கிராப்ட்ரீ அவனை வேண்டும் என்றார். ஒவ்வொரு வசந்தத்திலும் வில்ஃப் அந்தப் பச்சைக் கதவைத் திறந்து உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தான். தோட்டத்து மதில் வழியாக எட்னா சொல்வாள்: "இன்னும் ஒரு வருஷம் பச்சைக் கதவுதான்."

பிறகு முழங்கால் போயிற்று. டாக்டரா பார்த்தார்? பயிற்சியாளர் ஒரு வாளிப் பச்சைத்தண்ணீரில் பஞ்சை முக்கி முழங்காலில் அடித்தார். எந்தக் காயத்துக்கும் அதே வாளி, அதே பஞ்சு. வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணிலேயே காட்டாமல் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட விடுவார்கள்; பந்துப் பசியோடு இருந்தால்தான் சனிக்கிழமை பாய்ந்து விழுவார்களாம். வில்ஃப் வீங்கின காலோடு ஓடினான். கோல் குறைந்தது. பால்புட்டிச் சத்தம் கூடிற்று.

அப்போதுதான் அவனோடு முன்பு ஆடிய ஒருவன் தேடி வந்தான். தெற்கே கடற்கரை ஊரில் ஒரு டீமை நடத்துகிறான். லீகுக்கு வெளியே இருக்கிற டீம். கிராப்ட்ரீயின் கை அங்கே நீளாது. "ஆடுற வரைக்கும் ஆடு. அப்புறம் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடு. மேல்மாடி வீடு ஒண்ணு இருக்கு" என்றான்.

வில்ஃப் போகவில்லை. கிராப்ட்ரீ மேல் பயம் என்று ஊர் சொன்னது. அதுவும் தப்பு. அவன் போகாததற்குக் காரணம் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

அவர் எட்னாவின் அப்பா அமோஸ். வாழ்நாள் முழுக்க நூற்பாலையில் இருந்தவர். அவருடைய நினைவு கொஞ்சம் கொஞ்சமாக உதிர ஆரம்பித்திருந்தது. மகளைச் சில நாள் மகள் என்பார், சில நாள் செத்துப்போன தன் அக்கா என்பார். ஆனால் தெரு மட்டும் அவருக்குத் தெரியும். தினமும் புகையிலைக் கடைக்கு நடந்து போய் வருவார்.

"இந்தத் தெருவும் போச்சுன்னா அவருக்குன்னு என்ன இருக்கு, வில்ஃப்?" என்றாள் எட்னா. "அங்க கடலைப் பார்த்து மிரண்டு போயிடுவாரு."

"சரி, இங்கயே இருப்போம்" என்றான் அவன். அவ்வளவுதான் பேச்சு. தெற்கேயிருந்து வந்தவன், "எப்ப வேணும்னாலும் வா" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினான்.

ஆனால் தெருவும் அவருக்குத் தவற ஆரம்பித்தது. மூன்று வீடு, மூன்றும் பச்சைக் கதவு, எது நம்முடையது? ஒருநாள் பக்கத்துக் கதவைத் திறந்து கோல்கீப்பர் பெர்சி வீட்டுக்குள் போய், அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பெர்சியின் மனைவி நல்லவள், டீ போட்டுக் கொடுத்தாள். இன்னொரு நாள் மூன்றாவது வீட்டில் நுழைந்தார். அங்கே இருந்த புதுப்பெண் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். திரும்பக் கூட்டி வந்தபோது அமோஸ் அழுதார்.

"என் வீட்டுக் கதவு சிவப்பா இருக்கும், தம்பி. இது எதுவுமே இல்ல" என்றார். அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு சிவப்பு. அந்த வீட்டை இடித்தே வெகுகாலம் ஆயிற்று.

வில்ஃப் அன்று சாயங்காலமே சாமான் கடைக்குப் போனான். ராணி முடிசூட்டு விழாவுக்கு ஊரை அலங்கரிக்க வாங்கி மீந்துபோன சிவப்பு ஒரு டப்பா இருந்தது. டன்கிரேவின் சிவப்பு இல்லை, ராணிக்கு வாங்கின சிவப்பு! நெல்லி சக்டனே அந்த விழாவில் அதே சிவப்பு பூசின பெஞ்சில் உட்கார்ந்துதான் ஜெல்லி தின்றாள்.

கதவு சிவப்பானது. அமோஸ் ஒரு நாளும் தவறவில்லை. புகையிலைக் கடையிலிருந்து நேராக வந்து, கதவைக் கையால் தடவிப் பார்த்து, உள்ளே வருவார். எட்னா வெகுநாளைக்குப் பிறகு பாட்டு முனகிக்கொண்டே துணி உலர்த்தினாள்.

வில்ஃபுக்கு ஒன்றுதான் தோன்றவில்லை: அது டன்கிரேவோடு ஆடப் போகிற வாரம். வேறு ஊரில் கதவு வெறும் கதவு. ஸ்கெல்பியில், அந்த வாரத்தில், கிளப் வீட்டில், சிவப்பு! வெள்ளிக்கிழமைக்குள் தெரு முழுக்க அதே பேச்சு. கிராப்ட்ரீ காரில் வந்து இறங்கினார்.

"இது என்ன கூத்து, ஹார்டேக்கர்?" 'பையா' போய்விட்டது.

"மாமனாருக்கு வீடு அடையாளம் தெரியல, சார். அதுக்காகத்தான்."

"அவருக்கு அடையாளம் தெரியறதுக்காக ஊர் மானத்தை வாங்குவியா? வீடு கிளப்போடது. கதவும் கிளப்போடது. நீயும்தான். பச்சை அடிச்சிடு."

"அவர் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், சார்." தரையைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.

மறுநாள் மழை. மைதானம் சேறு. அவன் உள்ளே ஓடி வந்ததுமே சொந்த ஊர்க்காரர்களே ஊளையிட்டார்கள். கடைசி நிமிடங்களில், ஆளுக்கு ஒரு கோல் என்று சமமாக இருந்தபோது, குறுக்கே ஒரு பந்து வந்தது. டன்கிரேவ் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தான். வில்ஃப் இடது காலை ஊன்றி வலது காலால் அடித்தான். ஊன்றின முழங்கால் சேற்றில் திரும்பிவிட்டது. பந்து கம்பத்துக்கு மேலே, மதிலுக்கு மேலே பறந்து, ரயில்பாதையில் போய்க்கொண்டிருந்த நிலக்கரி வண்டியில் விழுந்தது.

"அது டன்கிரேவ் போற வண்டிதான் வில்ஃப், நீயும் ஏறிக்கோ!" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சேற்றில் கிடந்தபடியே, வாளியோடு வருகிறவருக்காகக் காத்திருந்தான். வேண்டுமென்றே தவறவிட்டவனுக்கா கால் அப்படிப் பூசணிக்காயாக வீங்கும்? எட்னா அந்தக் காலை மடியில் வைத்து ராத்திரி முழுக்க ஒத்தடம் கொடுத்தாளே, அதை எந்த நெல்லி பார்த்தாள்?

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே பயிற்சிக்குப் போனான். அவன் போன பிறகு, கிராப்ட்ரீ அனுப்பிய மைதானக் காவலாளி ஹெர்பர்ட் பச்சைப் பெயின்ட்டோடு வந்தார். "என்னைத் திட்டாத எட்னா, என் சோறும் அவர் கையில இருக்கு" என்றார். எட்னா வழிவிட்டு நின்றாள். அமோஸ் அப்போதுதான் புகையிலைக்குக் கிளம்பிப் போயிருந்தார் என்பது அவளுக்கு நினைவு வந்தபோது, கதவு முழுக்கப் பச்சையாகியிருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். கடைப் பக்கம், ஆலைப் பக்கம், ஆற்றுப் பக்கம். எங்கும் இல்லை.

வில்ஃப்தான் முதலில் பார்த்தான். பயிற்சி முடிந்து தெருவுக்குள் திரும்பினால், வீட்டுக்கு நேர் எதிரே, நடைபாதை ஓரத்தில், தூறலில் நனைந்தபடி அமோஸ் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"என்னப்பா, இங்க உக்காந்திருக்கீங்க?"

"வீட்டைக் காணோம்ங்க" என்றார் அமோஸ். "காலையில இங்கதான் இருந்துச்சு. யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. உங்களைப் பார்த்தா நல்லவரா தெரியுது. சிவப்புக் கதவு வீடு எங்கன்னு தெரியுமா?"

வில்ஃப் எதிரே பார்த்தான். மூன்று பச்சைக் கதவுகள், ஒன்று இன்னும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்காரப் பார்த்தான், முழங்கால் மடங்கவில்லை. நின்றபடியே அவர் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தான்.

"தெரியும். கொஞ்ச தூரம் போகணும். ரயில்ல போலாமா?"

"ரயில்லயா? அவ்வளவு தூரமா கொண்டு போயிட்டாங்க?"

மூச்சு வாங்க ஓடி வந்த எட்னா இதைக் கேட்டபடி நின்றாள். அப்பாவையும் பார்த்தாள், கதவையும் பார்த்தாள். இந்தத் தெருவை அப்பாவுக்காகத்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதே தெருவில், வீட்டு வாசலுக்கு எதிரே, அவர் அநாதை மாதிரி நனைந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கடற்கரை ஊர்ல கதவு என்ன கலராம்?" என்று கேட்டாள்.

"தெரியல. நம்ம இஷ்டத்துக்கு அடிச்சுக்கலாம்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப அந்த டப்பால மிச்சம் இருக்கில்ல, அதை எடுத்துக்கறேன்" என்று உள்ளே போனாள்.

எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. மேசை, கட்டில் எல்லாம் கிளப்புடையவை. ஒரு பெட்டி, பூட்ஸ், அமோஸின் போர்வை, சிவப்பு டப்பா. சாவியைப் பெர்சியின் மனைவியிடம் கொடுத்தாள் எட்னா. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எதிர் ஜன்னலில் நெல்லி சக்டனின் திரைச்சீலை ஆடியது, ஆடட்டும்.

வில்ஃப் கடைசியாக வெளியே வந்தான். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, முழு உள்ளங்கையையும் ஈரப் பெயின்ட்டில் வைத்து அழுத்தினான். கை பச்சையாகிவிட்டது. கதவில் ஐந்து விரலும் பதிந்து நின்றன.

அமோஸ் அதைக் கூர்ந்து பார்த்தார்.

"இது யார் வீடு, தம்பி?"

"யாரோ பந்து ஆடுறவன் வீடுப்பா."

"நல்லா ஆடுவானா?"

"ஆடினான்" என்றான் வில்ஃப். பச்சைக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, அவருக்கு மற்ற கையைக் கொடுத்தான். மூன்று பேரும் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள், அவன் நொண்டுகிற வேகத்தில்.