ஆபீசர் உட்கார்ந்த குதிரைத் துணி

பொன்னேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் கஸ்டம்ஸ் ஆபீசர் ஒருவர் தேடி வந்து உட்கார்ந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருஷத்தில் கேன்டீனில் நானாக வாய் திறந்து சொன்ன கதை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அது எழுபதுகளின் தொடக்கம். நைனா ஒரு குதிரைப் பண்ணையில் வேலை பார்த்தார். முதலாளி மெட்ராஸில் இருந்தார்; குதிரைகளும் நாங்களும் இங்கே இருந்தோம். லாயத்தை ஒட்டினாற்போல எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள்.

அந்த வருஷம் முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டிச் சாமான் வரவழைத்தார். சேணம், கடிவாளம், கூடவே சேணத்துக்கு அடியில் போடும் கம்பளித் துணிகள். சேணத்தையும் கடிவாளத்தையும் குதிரைச் சாமான் என்று துறைமுகத்தில் ஒத்துக்கொண்டார்கள். துணியில்தான் தகராறு. அதில் வாரும் இல்லை, வளையமும் இல்லை. நாலு மூலை, சிவப்பும் நீலமுமாகக் கோடு, அவ்வளவுதான். இது தரையில் விரிக்கிற கம்பளம், குதிரைக்கு என்று பொய்யாக எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பெட்டியையே நிறுத்திவிட்டார்கள். கம்பளத்துக்கு வரி பல மடங்கு, பொய் எழுதியதற்கு அபராதம் வேறு. பெட்டி வராவிட்டால் குதிரைகளைப் பெங்களூரில் விற்றுவிட்டுப் பண்ணையை மூடப்போவதாக முதலாளி சொல்லியனுப்பினார். குதிரை போனால் நைனாவுக்கு வேலை இல்லை, எங்களுக்கு வீடும் இல்லை.

முன்பு ஒரு தடவை வந்த அதே மாதிரித் துணி ஒன்று லாயத்தில் இருந்தது. அதை என்ன செய்கிறோம் என்று நேரில் பார்க்க ஓர் ஆபீசர் வருவதாக முடிவாயிற்று. துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் முதல் நாளே வந்து, ஆபீசர் பார்க்கும்போது துணி குதிரையின் முதுகில்தான் இருக்க வேண்டும் என்று நைனாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். நைனா அம்மாவிடம் சொன்னது, பெரிய ஆபீசர் வருகிறார், மரியாதையாக நடந்துகொள் என்பது மட்டும்தான். அம்மா அன்றைக்கே துணியைத் துவைத்துக் காயப்போட்டாள்.

மறுநாள் காலை நைனா குதிரையைக் குளிப்பாட்ட ஏரிக்குப் போயிருந்தார். ஏஜென்ட் பொன்னேரி ஸ்டேஷனில் ஒவ்வொரு ரயிலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசரோ ஜீப்பில் நேராக வந்து, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே எங்கள் வாசலில் இறங்கிவிட்டார்.

நாற்காலிகளெல்லாம் முதலாளியின் பங்களாவுக்குள் பூட்டிக் கிடந்தன. அம்மா சற்றுத் தவித்தாள். பிறகு கொடியிலிருந்த துணியை உருவி, லாயத்து நிழலில் சுருக்கமில்லாமல் விரித்து, உட்காரச் சொன்னாள். ஆபீசர் ஷூவைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கொடுத்த மோரைக் குடித்தார். அந்தத் துணியை நானே நெய்து விரித்ததுபோல அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஈரக் குதிரையோடு வந்த நைனா, ஆபீசர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கும்பிடக்கூட மறந்துபோனார்.

ஆபீசர் துணியைக் கையால் தடவிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை.

"இது குதிரைக்குன்னு உங்க முதலாளி எழுதிக் கொடுத்திருக்காரு. நீங்க தரையில விரிச்சு என்னை உட்கார வச்சிருக்கீங்க. நான் என்னன்னு எழுதறது?"

நைனா குதிரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். என் கூச்சம் அவரிடமிருந்து வந்ததுதான். அம்மாதான் முன்னால் வந்தாள்.

"அது எங்க ஊட்டுது இல்ல சார், குதிரையோடது. எங்க ஊட்ல கோரப்பாய் ஒண்ணுதான் கீது. அதுவும் ஓரமெல்லாம் பிஞ்சிகினு கீது. அதுல உங்கள எப்டி குந்த வெக்கறது? அதான் குதிரையோடத எடுத்துப் போட்டேன். நீங்க எழுந்தீங்கன்னா ஒதறி அது முதுவுல போட்ருவோம்."

ஆபீசர் எழுந்தார். திறந்திருந்த கதவு வழியாக எங்கள் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார். அம்மா துணியை உதறிக் கொடுத்தாள். நைனா குதிரையின் முதுகைத் துடைத்து, துணியைப் போட்டு, மேலே சேணத்தை வைத்தார். துணியின் நடுவில் கம்பளி தேய்ந்து வழுவழுவென்று ஓர் இடம் இருந்தது. சேணம் அதன்மேல் பிசகாமல் உட்கார்ந்தது. ஆபீசர் குனிந்து பார்த்தார். குதிரையை நடக்கவிடச் சொல்லிப் பார்த்தார்.

"குதிரைக்கு நல்ல துணிதான் வாங்கிப் போடறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அந்த மாதமே பெட்டி வந்து சேர்ந்தது. துணிகளும் குதிரைச் சாமான்தான் என்று அவர் எழுதிவிட்டாராம். குதிரைகள் எங்கேயும் போகவில்லை, நாங்களும் போகவில்லை.

ஆனால் பெட்டி வரும்வரை நான் காத்திருக்கவில்லை. கஸ்டம்ஸ் ஆபீசர் எங்கள் வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்து மோர் குடித்ததை மறுநாளே பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "உங்க ஊட்ல ஏதுடா கம்பளம்?" என்று ஒருத்தன் கேட்டான். இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார் என்றேன். அம்மா கோரைப்பாயைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய மனிதரிடம் அந்த ஒரு பேச்சை அவள் பேசாமல் இருந்திருக்கலாம் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.