பேர் வெட்டும் சத்தம்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வேண்டுமானால் குன்றக்குடி முருகன் சந்நிதியில் சேவுகன் செட்டியாரே சூடம் அடித்து, நடந்தது அத்தனையும் சத்தியம் என்று ஊரறிய வாய்விட்டுச் சொல்வார். ஒரே ஒரு இடைஞ்சல். அன்றிலிருந்து அவர் வாயைத் திறப்பதில்லை.

ஆகையால் அவர் மனைவி சிகப்பி பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரமெல்லாம் நிமிஷம் பிசகாதவை. கடல் காற்று பட்டால் கெட்டுவிடும் என்று செட்டியார் தம்முடைய சுவிஸ் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்திருந்தார். அது அன்று பூராவும் அவள் மடியில்தான் இருந்தது.

1971. மார்கழி பன்னிரண்டு, திங்கட்கிழமை.

வெள்ளைக்காரத் தம்பதிகள் குளிர்காலத்தில் குளிர் தாங்காமல் கதகதப்பான கடற்கரைக்குப் போய் ஓய்வெடுப்பார்கள் என்று ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படம் போட்டிருந்தது. செட்டியார் அதைப் பார்த்துவிட்டார். காரைக்குடியில் குளிர் என்பது விடியற்காலையில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, வெயில் வந்ததும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். இருந்தாலும் அதிலிருந்து தப்பித்தே ஆக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். தொண்டிக்கு வடக்கே கடலோரமாக யாரோ ஒரு பர்மாக்காரர் கட்டி, வாடகைக்கு விட்டிருந்த பங்களாவில் மூன்று நாள். கம்பளிச் சட்டை, கழுத்தில் மப்ளர். வாடகைக் கார்.

"செட்டியாரே, கண்ணாடியை ஏத்தவா, எறக்கவா?" என்று கேட்டான் டிரைவர் கோட்டைச்சாமி. தேவகோட்டை தாண்டும்போதே செட்டியாருக்கு மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது.

"ஏத்துப்பா. குளிரு."

சிகப்பி முந்தானையால் விசிறிக்கொண்டாள். அவள் பேசுவதைக் குறைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகியும் நாலு மாதம்தான். அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் உமையாள், பிள்ளை இல்லாமலேயே, போன பங்குனியில் இறந்துபோனாள்.

பிள்ளையில்லாமல் ஒருத்தி போய்விட்டால் அவள் கொண்டுவந்த சீர் சாமான் முழுவதும் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதுதான் முறை. அண்டாவிலிருந்து ஆழாக்கு வரை எல்லாவற்றிலும் அவள் பேர் வெட்டியிருக்கும். ஆகையால் தகராறு வராது. செட்டியார் பங்காளிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "ஒரு கரண்டி எங்கிட்ட இல்லை. தொடச்சு அனுப்பிட்டேன்." ஊரே மெச்சியது.

சிகப்பி மட்டும் மறுவீடு வந்த வாரமே கேட்டாள்.

"அவுக சாமான் ஒண்ணுகூட இங்குட்டு இல்லையே?"

"இல்லைன்னு சொன்னேன்ல."

"இருந்துச்சுன்னா சொல்லிப்பிடுங்க. சாமான் இருக்குற வீட்டை விட்டு அவுக போக மாட்டாக. ரெண்டு பேரு இருக்குற வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

செட்டியார் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். அப்படியும் அவள் அந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் முதலில் திருப்பிப் பேரைப் பார்ப்பாள். பிறகுதான் அடுப்பில் வைப்பாள். பார்த்துப் பார்த்துக் கை மரத்துப்போயிருந்தது. மனசும்தான்.

அவளுக்கு ஆறுதலாகப் பேசவும் ஆளில்லை. பகலில் செட்டியார் கடைவீதியில் இருப்பார். சீப்புச்சீடையைக் கடக்கென்று கடித்துக் காட்டி, "நாப்பத்தினாலு வயசு! ஒரு பல்லு ஆடுதா பாருங்க!" என்று சவால் விட்டுக்கொண்டிருப்பார். இரவில் விளக்கை அணைத்துவிட்டால் பேசமாட்டார். இருட்டில் பேசுவது பெரிய மனிதருக்கு அழகில்லை என்பது அவருடைய கொள்கை. என்ன கேட்டாலும் "ம்".

பதினொன்று இருபதுக்குப் பங்களா வந்துவிட்டார்கள்.

இரண்டே அறை. முன்னால் ஒரு வராந்தா. அதற்கு முன்னால் கடல். அந்தக் கடலுக்கு அலையும் கிடையாது, ஊருணித் தண்ணீரைப் போலச் சும்மா கிடந்தது. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் மீரான் சாகிபு சாவியைக் கொடுத்தார்.

"வாங்க செட்டியாரே. வாங்க ஆச்சி. ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா? கம்பளியெல்லாம் போட்டிருக்கீக?"

"ஓய்வுக்கு வந்திருக்கோம்," என்றார் செட்டியார் கம்பீரமாக.

"அப்படியா. ஒடம்புக்கு நல்லா இருக்கும்போதே ஓய்வா!" என்று மீரான் சாகிபு வியந்துகொண்டார்.

பன்னிரண்டு ஐந்துக்கு அறையைப் பூட்டிக்கொண்டு கடலோரமாக நடந்தார்கள். சாவி செட்டியார் இடுப்பில். பத்திரிகைப் படத்தில் இருந்தபடி அவர் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். மணல் சுட்டது. பன்னிரண்டு இருபத்தைந்துக்குத் திரும்பினார்கள்.

வராந்தாவில் மீரான் சாகிபு நின்றுகொண்டிருந்தார்.

"பேரு வெட்டுற ஆளையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கீகளா, செட்டியாரே?"

"என்ன ஆளு?"

"பாத்திரத்துல பேரு வெட்டுவாகல்ல... அந்தச் சத்தம். உள்ளுக்குள்ள. சிற்றுளிச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

செட்டியார் பூட்டைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை.

"பல்லியா இருக்கும்," என்றார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. வீட்டுச் சமையல்காரரைக் கொண்டு செட்டியாரே கட்டி வைத்த சாப்பாடு. எலுமிச்சஞ் சோறு, தயிர்ச்சோறு, வெண்டைக்காய் மண்டி, கந்தரப்பம். நாலடுக்குக் கேரியர், சுத்த வெள்ளி. மீரான் சாகிபு கண்ணில் படும்படியாக அதை வராந்தா மேசையில் வைத்தார்.

அந்தக் கேரியரைச் சிகப்பி அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் எடுத்தாள். வழக்கம்போலத் திருப்பினாள்.

பேர் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. நாலு அடுக்கிலும்.

"இது யாரு சாமான்?"

"நம்ம சாமான்."

"பேரைக் காணோமே."

"பழசு. தேஞ்சு போச்சு."

வீட்டில் செட்டியாரின் பாட்டனார் காலத்துப் பித்தளைக் குடத்தில் பேர் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. அரம் போட்டு ராவினால் ஒழிய வெட்டிய பேர் போகாது. அது சிகப்பிக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவள் சாப்பிட்டாள். எதைச் சாப்பிட்டோம் என்று நாக்குக்குத் தெரியவில்லை.

இரண்டு ஐம்பது.

செட்டியார் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் மப்ளரோடு தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கும்போதும் வாயை இறுக்கி மூடியிருப்பார். சிகப்பி உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். கழுவிய கேரியர் அலமாரியில் இருந்தது.

டிக்... டிக்... டிக்...

பல்லி இல்லை. அவளுக்குச் சீர் சாமான் வாங்கியபோது பிறந்த வீட்டுக் கூடத்துப் பட்டாலையில் ஆள் உட்கார்ந்து பதினோரு நாள் பேர் வெட்டினார். அந்தச் சத்தத்திலேயேதான் அவள் தூங்கி எழுந்தாள். சிற்றுளியை வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி. புள்ளி புள்ளியாக எழுத்து.

டிக்... டிக்...

எழுந்து உட்கார்ந்தாள். நின்றுவிட்டது.

அலமாரியைத் திறந்தாள். கேரியரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். மேல் அடுக்கின் மொழுமொழு இடத்தில் பளபளவென்று புதிய புள்ளிகள். ஓர் எழுத்து.

உ.

பயம் வரவில்லை. அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. கேரியரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

நாலு பதினைந்து.

டிக்... டிக்... டிக்... டிக்...

இந்தத் தடவை அவள் எழுந்திருக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றுக்கு மேல் எண்ணமுடியவில்லை. ஐந்து நாற்பதுக்குச் சத்தம் தானாக ஓய்ந்தது. போய்ப் பார்த்தாள்.

நாலு அடுக்கிலும் முழுப்பேர் இருந்தது.

கேரியரைக் கொண்டுபோய் செட்டியார் மடியில் வைத்தாள்.

"உமையாள்னு போட்டிருக்கு."

செட்டியார் பார்த்தார். நாலு அடுக்கையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தூக்கம் கலைந்த முகத்தில் கம்பீரத்தை வரவழைக்க முயன்றார். பாதிதான் வந்தது.

"வெயில் விழுந்து அப்படித் தெரியுது."

"வெயில் போயிருச்சு."

"நாளைக்கே அனுப்பிச்சிருவோம். இது ஒண்ணுதான். மறந்துபோச்சு."

"இது ஒண்ணுதானா?"

"சத்தியமா."

"நெசமாத்தானே சொல்றீக?"

"முருகன் மேல ஆணை. வேற ஒண்ணு..."

பேச்சு அங்கேயே நின்றது.

ஆறு ஐந்து. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். காற்று இல்லை.

டிக்...

கேரியர் அவர் மடியில்தான் இருந்தது. அசையவில்லை.

டிக்... டிக்...

சிகப்பி அறைப்பக்கம் திரும்பினாள். அங்கேயிருந்து இல்லை. வெகு கிட்டத்தில். அவள் முழங்கைக்குப் பக்கத்தில்.

செட்டியார் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வாய் இறுக மூடியிருந்தது.

கண் இரண்டும் பிதுங்கியிருந்தன.

டிக்... டிக்... டிக்...

குனிந்து காதைக் கொடுத்தாள்.

சத்தம் அவர் வாய்க்குள் இருந்து வந்தது.

ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கன்னம் துடித்தது.

டிக்...

டிக்...

ஆறு பதினேழு. நின்றது.

செட்டியார் எழுந்தார். கேரியர் உருண்டு விழுந்தது. மப்ளரைக் கழுத்திலிருந்து உருவி வாயோடு சேர்த்துக் கட்டினார். கார் நின்ற பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். நாலு அடுக்கையும் தேடிப் பொறுக்கி எடுத்துக்கொண்டு சிகப்பி பின்னால் போனாள்.

"அதுக்குள்ளயா ஓய்வு முடிஞ்சிருச்சு?" என்றார் மீரான் சாகிபு.

வழியெல்லாம் செட்டியார் பேசவில்லை. "என்ன செட்டியாரே, குளிரு ஏறிப்போச்சா?" என்று கோட்டைச்சாமி கேட்டதற்கு, மப்ளருக்குள்ளிருந்து "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. எட்டு நாற்பதுக்கு வீடு. நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். உள்ளே ஓர் அலறல் கேட்டது. வெளியே வந்தபோதும் மப்ளர் அவிழவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சிகப்பி நாச்சியாபுரத்தில் உமையாளின் பிறந்த வீட்டில் இருந்தாள். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

உமையாளின் தாயார் கேரியரைக் கையில் வாங்கி, பேரை விரலால் தடவிப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"நீ நல்லா இருப்பே ஆத்தா. இதை நாங்க கேக்கணும்னு இருந்தோம். மானம் பார்த்து விட்டுட்டோம்."

"வேற ஏதும் பாக்கி இருக்கா ஆச்சி?"

அந்த அம்மாள் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"கடைசிப் பத்து நாளு இந்த வீட்டுலதான் கெடந்தா. சிற்றுளியும் சுத்தியலும் வாங்கித் தாங்கன்னு ஒத்தக்கால்ல நின்னா. படுத்த படுக்கையில, கைக்கு எட்டுனதுல எல்லாம் பேரை வெட்டிக்கிட்டே கெடந்தா. வெட்டுனா திரும்பி வந்துரும்னு சொல்லுவா. போற அன்னைக்கு, 'ஒண்ணு பாக்கி ஆத்தா, அவுக கழட்டித் தர மாட்டேங்குறாக'ன்னா. அதுதான் கடைசிப் பேச்சு."

"கழட்டியா? என்ன சாமான் ஆச்சி?"

"அவ அப்பச்சி செஞ்சு போட்டதுதான். அதை நான் எந்த வாயால சொல்ல? நீயே பாத்துக்க."

சிகப்பி எழுந்தாள். வாசல்படியில் நின்று ஒன்று கேட்டாள்.

"அந்தச் சிற்றுளி இருக்கா ஆச்சி?"

"கையை விட்டு எடுக்க முடியலை. இறுக்கிப் பிடிச்சிருந்தா. அப்படியே வச்சு எரிச்சோம்."

வீட்டுக்கு வந்தாள். மணி பதினொன்று பத்து. செட்டியார் முகப்பில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிக் குளியலறைக்குள் போனாள். நாலு மாதமாக அவர் அவளை நுழையவிடாத இடம். மாடத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணம் மூடியிருந்தது.

மூடியை எடுத்தாள்.

தண்ணீருக்குள் மேல்வரிசைப் பல் செட் ஒன்று கிடந்தது. திருப்பினாள். அண்ணத்தில் படியும் சிவப்புப் பக்கத்தில், வரிசை பிசகாமல், புள்ளி புள்ளியாக.

உமையாள்.

அன்று மாலையே அது கிண்ணத்தோடு நாச்சியாபுரம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் சத்தம் கேட்டதில்லை. சிகப்பியும் பாத்திரங்களைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். செட்டியார் சித்திரை வெயிலிலும் மப்ளர் கட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போகிறார். கடற்கரைக் குளிர் தாக்கிவிட்டது என்று ஊரில் பேச்சு.

அந்தப் பல் செட் தலைதீபாவளிக்கு உமையாளின் தகப்பனார் மதுரையில் அளவெடுத்துச் செய்து போட்டது. சேவுகன் செட்டியாருக்குச் சொந்தமாக மேல்பல் ஒன்றுகூடக் கிடையாது.